மாருதி 800 பிரேக் சாமான்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வாங்கவே வேண்டாம்

பழைய மாருதி 800-ல் பிரேக் சரியில்லை என்றதும் ஸ்பேர்ஸ் கடையில் எல்லோரும் முதலில் கேட்பது பேட் செட், அதாவது முன் டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டைகள். பெரும்பாலான வண்டிகளில் கோளாறுக்கும் பேடுக்கும் சம்பந்தமே இருக்காது. சுமார் 650 கிலோ எடையுள்ள வண்டி இது. பேட் நிதானமாகத்தான் தேயும். சீக்கிரம் கெடுவது எண்ணெயும் ரப்பரும். 2014 ஜனவரியோடு இந்த வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று ஓடுகிறவற்றில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. நிறைய வண்டிகள் இருபதைக் கடந்தவை. பெடல் மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப்பும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸும் அத்தனை வருடம் மாற்றாமல் இருக்கிற வண்டிக்கு விலை உயர்ந்த பேட் போடுவதில் பயனில்லை.

கடையில் கிடைக்கும் பாகங்களை, அவை தீர்க்கிற கோளாறோடு சேர்த்து இங்கே எடை போட்டிருக்கிறோம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பழைய ஆல்டோ, ஜென், ஆம்னி வைத்திருப்பவர்களுக்கும் சோதனைகள் பொருந்தும். சாமான் மட்டும் அந்தந்த வண்டிக்கானதாக இருக்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் பெடல் சோதனை

இதற்குச் செலவு எதுவும் இல்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெடலை நிதானமாக மிதியுங்கள்.

முதல் மிதியில் பாதிக்கு மேல் இறங்கி, இரண்டாவது மூன்றாவது மிதியில் மேலே வந்து கெட்டியானால் இரண்டு காரணங்கள்தான்: உள்ளே காற்று, அல்லது பின் டிரம்மில் ஷூவுக்கும் (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டை) டிரம்முக்கும் இடைவெளி அதிகம். பிரித்தறிவது எளிது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்து மறுபடி மிதித்துப் பாருங்கள். பெடல் முதல் மிதியிலேயே உயரமாக நின்றால் குறை பின் ஷூ இடைவெளியில். ஹேண்ட் பிரேக் போட்டும் பஞ்சுபோல அமுங்கினால் காற்று. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் 'ஏர் எடுக்கணும்' என்று எண்ணெயைக் கொட்டித் தீர்த்த வண்டிகள் எத்தனையோ.

பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே போனால், எங்கோ கசிகிறது. நான்கு சக்கரங்களின் உட்புறம், பைப் இணைப்புகள், மாஸ்டரின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். வெளியே ஈரம் எங்கும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் தளர்ந்து எண்ணெய் உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது. மாஸ்டரின் எண்ணெய் டப்பாவில் அளவு குறையாது. அதனால்தான் பலர் நம்ப மாட்டார்கள்.

பெடல் கல்லாக இருந்து வண்டி நிற்காவிட்டால், பூஸ்டர் (எஞ்சினின் வெற்றிடத்தால் காலின் அழுத்தத்தைப் பெருக்கும் தொகுதி) உள்ள வண்டிகளில் அதைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்க நாலைந்து முறை மிதித்து வெற்றிடத்தைக் காலி செய்யுங்கள். பெடலை மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரை உடனே வாங்கிவிடாதீர்கள். மேனிஃபோல்டிலிருந்து வரும் வெற்றிடக் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது அதிலுள்ள ஒருவழி வால்வு கெட்டிருக்கலாம். இரண்டும் பூஸ்டர் விலையில் சிறு பங்கு. வால்வைத் திருப்பி மாட்டினாலும் இதே குறைதான் வரும். அதன் மேலுள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். 800-ல் பூஸ்டர் இல்லாத வண்டிகளும் நிறைய உண்டு. அவற்றில் பெடல் இயல்பாகவே கொஞ்சம் கனமாக இருக்கும். அது கோளாறு அல்ல.

பெடல் தரைவரை போகிற வண்டியைக் கடைவரை 'மெதுவா' ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், அல்லது தூக்கிப் போகச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில்: குறைந்த செலவில் அதிகப் பலன்

மொத்தத்தில் மதிப்பெண் போட்டால் முதலிடம் இதற்குத்தான். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயே அல்ல. கிளைகால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் என்பது இந்தத் திரவத்தின் தர வகை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் தர அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இது 230, 155. கடலோர ஊர்களில் மாற்றாமலே வருடங்கள் ஓடிய வண்டியின் டப்பாவைத் திறந்தால் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருப்பதே பழசானதற்குச் சாட்சி. ஆனால் நிறம் தெளிவாக இருந்தாலும் நீர் சேர்ந்திருக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கணக்கு வைத்து மாற்றுவதே சரி.

ஊருக்குள் ஓட்டினால் இது தெரியவே தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் தெரியும். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரில் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கக்கூடியது, பெடல் சட்டென்று தரைக்குப் போய்விடும். அரைமணி நேரம் நின்று ஆறினால் பெடல் பழையபடி திரும்பி வரும். மறுநாள் மெக்கானிக் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். 'ஒண்ணும் இல்லையே சார்' என்பார். அவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் கோளாறு அங்கேயே இருக்கிறது. இதையும் பேட் சூடேறிப் பிடிப்பிழப்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: பேட் சூடானால் பெடல் உயரமாக, கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது, கருகல் வாடை வரும். பெடல் இறங்கினால் திரவம். இறங்காமல் நிற்காவிட்டால் பேட்.

எதை வாங்குவது? டப்பா மூடியில் டாட் 3 என்று இருந்தாலும் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலக்கும். டாட் 4 கேட்கிற வண்டியில் டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 5 வேறு ஜாதி, சிலிக்கோன். இவற்றோடு சேராது, இந்த வண்டிக்குத் தேவையும் இல்லை. டாட் 5.1 பெயரில் மட்டும்தான் அதற்கு உறவு, அதுவும் கிளைகால்தான். நல்லதுதான், ஆனால் 800-க்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை. பெயர் தெரிந்த நிறுவனத்தின் டாட் 4, அரை லிட்டர், சீல் உடையாதது. நான்கு சக்கரமும் முழுதாக மாற்ற அது போதும். கடைக்காரர் திறந்து வைத்திருக்கும் பெரிய டப்பாவிலிருந்து ஊற்றிக் கொடுப்பதை வாங்கவே கூடாது. திறந்த டப்பாவை வீட்டில் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதும் வீண்.

பவர் ஸ்டியரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஒரு ஸ்பூன் கலந்தாலும் மொத்த அமைப்பும் போச்சு. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். டப்பா மூடியின் உள் ரப்பர் பெருத்து, திரும்ப உட்கார மறுத்தால் யாரோ தவறானதை ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது எண்ணெயை மாற்றினால் மட்டும் போதாது. மாஸ்டர், வீல் சிலிண்டர் (பின் டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுவது), காலிப்பர் சீல், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். அதே காரணத்தால் பிரேக் பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. கழுவப் பிரேக் ஆயிலோ, பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயோதான். ஷெட்டில் மண்ணெண்ணெய்த் தட்டு தயாராக இருந்தால் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாற்றும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வண்டியில் மாஸ்டர் வலப்பக்கம். எனவே பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் (சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, அதன் மறுமுனையைப் புது எண்ணெய் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலில் முக்கி வையுங்கள். உதவியாளர் பெடலை மிதித்துப் பிடிக்க, நிப்பிளைத் திறந்து, மூடி, பிறகே பெடலை விடச் சொல்லுங்கள். டப்பா ஒருபோதும் காலியாகக் கூடாது. முக்கியமானது: பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். இருபது வருடமாக மாஸ்டர் கப் சிலிண்டரின் மேல்பாதியில் மட்டுமே ஓடியிருக்கும். கீழ்ப்பாதியில் துருவும் படிவும் இருக்கும். தரைவரை மிதித்தால் கப்பின் உதடு அங்கே போய்க் கிழியும். 'ஆயில் மாத்தின மறுநாளே பெடல் இறங்குது' என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

கீழே சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெயின்ட்டைக் கரைத்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டர்: கிட் வேண்டாம், முழுசாக வாங்குங்கள்

கடையில் ரப்பர் கிட்டும் கிடைக்கும், முழு சிலிண்டரும் கிடைக்கும். கிட் விலை குறைவு என்பதால் பலர் அதைத்தான் எடுப்பார்கள். உள்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் கிட் பிழைக்கும். நகத்தால் தடவி ஒரு கோடு தட்டுப்பட்டாலும் புதுக் கப் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். இந்த வயதில் கோடில்லாத சிலிண்டர் கிடைப்பது அரிது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேய்த்த அளவுக்கு விட்டம் பெருத்து, கப் இன்னும் தளர்வாகத்தான் உட்காரும். கூலி இரண்டு முறை கொடுப்பதற்கு ஒரே முறை முழு சிலிண்டர் வாங்குவது லாபம்.

வாங்கும்போது பூஸ்டர் உள்ள வண்டியா, இல்லாததா என்று சொல்லியே கேளுங்கள். இரண்டின் மாஸ்டரும் ஒன்றல்ல. கையில் பழையதை எடுத்துப்போய் போல்ட் துளை, பைப் துளைகளின் இடம், தள்ளுகம்பி ஆழம் மூன்றையும் ஒப்பிடுவது நல்லது. மாட்டுமுன் மேசையில் வைத்தே காற்றை வெளியேற்ற வேண்டும்: துளைகளில் சிறு குழாய்களை மாட்டி, முனைகளைத் திரும்ப டப்பாவுக்குள்ளேயே விட்டு, குமிழி நிற்கும்வரை மெல்லத் தள்ளுங்கள். இதைச் செய்யாமல் வண்டியில் மாட்டிவிட்டு நாலு சக்கரத்திலும் மணிக்கணக்கில் ஏர் எடுப்பது வழக்கமான காட்சி.

பூஸ்டர் உள்ள வண்டியில் இன்னொரு திருட்டுக் கசிவு உண்டு. எண்ணெய் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை, சக்கரங்கள் காய்ந்திருக்கின்றன. மாஸ்டரின் பின் சீல் போய், எண்ணெய் பூஸ்டருக்குள் இறங்கி, எஞ்சின் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும்; வெண்புகையும் வரலாம். மாஸ்டரின் இரண்டு நட்டைக் கழற்றி அரை அங்குலம் முன்னால் இழுத்துப் பார்த்தால் பூஸ்டர் வாயில் ஈரம் தெரியும்.

பின் டிரம்: எல்லோரும் தள்ளிப்போடும் இடம்

800-ல் பின் டிரம்மைக் கழற்றுவது கொஞ்சம் சிரமம். நடுவிலுள்ள கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, மைய நட்டைக் கழற்றி இழுக்க வேண்டும். சக்கர பேரிங் டிரம்முக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. விளிம்பில் துரு மேடு இருந்தால் ஷூ அதில் மாட்டிக்கொண்டு டிரம் வராது. அதனாலேயே 'பிரேக் சர்வீஸ்' என்று பில் போட்டு முன் சக்கரங்களை மட்டும் கழற்றி மூடிவிடுகிறவர்கள் உண்டு. பெடல் ஆழமாகப் போகிற வண்டிகளில் பாதிக் கதை இங்கேதான் இருக்கிறது.

திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், நனைத்துத் துடையுங்கள். முதலில் வீல் சிலிண்டரின் இரண்டு ரப்பர் தொப்பிகளையும் மெல்ல உரித்துப் பாருங்கள். உள்ளே லேசான ஈரக்கசிவு இருந்தாலே போதும், சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான். சொட்டும்வரை காத்திருந்தால் ஷூவும் நனைந்து, அதையும் வாங்க நேரும். எண்ணெய் குடித்த ஷூவை உப்புத்தாளில் தேய்த்தோ தீயில் காட்டியோ மீட்க முடியாது. சூடேறும்போது உள்ளிருந்து மறுபடி வெளிவரும். ஒரு சக்கரம் மட்டும் பிடித்து மழையில் வண்டி வால் சுழலும். வீல் சிலிண்டருக்கும் கிட் வாங்க வேண்டாம், முழுசாகவே மலிவுதான். ஒரு பக்கம் கசிந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றே.

ஷூ நனைந்திருப்பது எண்ணெயாலா கிரீஸாலா என்று முகர்ந்து பார்க்கத் தேவையில்லை, தண்ணீர் விட்டால் தெரியும்: பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும், கிரீஸ் கரையாது. கிரீஸ் என்றால் பேரிங் சீல் போயிருக்கிறது. வீல் சிலிண்டர் மாற்றிப் பயனில்லை. டிரம் கையில் இருக்கும்போதே பேரிங்கைச் சுழற்றிப் பாருங்கள். கரகரத்தால் அதையும் இப்போதே மாற்றினால் கூலி ஒன்றோடு போகும்.

ஷூ செட் எப்போதும் இரண்டு சக்கரத்துக்குமாக. பழைய தகட்டில் புது லைனிங் ஒட்டித் தருவது லாரிகளுக்குப் பொருந்தும்; இவ்வளவு சின்ன ஷூவுக்கு விலை வித்தியாசம் சொற்பம், ஒட்டு விட்டால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். ஷூவோடு ஸ்பிரிங் செட்டும் வாங்குங்கள். இது பலர் விட்டுவிடும் சாமான். இழுப்பு ஸ்பிரிங் தளர்ந்தால் ஷூ முழுதாகத் திரும்பாது, டிரம் சூடாகும். தானாக இடைவெளி சரிசெய்யும் கம்பி இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு. மாற்றி மாட்டினால் சரிசெய்வதற்குப் பதில் தளர்த்திக்கொண்டே போகும். ஒரு பக்கத்தைப் பிரித்து மாட்டி முடிக்கும்வரை மறுபக்கத்தைத் தொடாமல் வைத்திருந்தால் அதைப் பார்த்துத் திரும்ப மாட்டலாம். போனில் படம் எடுத்தாலும் சரி. ஷூ உரசும் பின்தகட்டு மேடுகளில் வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் துளி துளியாக வையுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் உருகி லைனிங்கில் வழியும்.

டிரம்மின் உள்விட்டத்துக்கு எல்லை உண்டு, பெரும்பாலும் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். லேத்தில் போட்டுக் கடையலாம். கடைந்தபின் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் 'நல்லா இருக்கு' என்றால் நம்ப வேண்டாம்.

மாட்டி முடித்தபின் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்வாக வைத்து, பெடலைப் பத்து முறைவரை அழுத்தி மிதித்து இடைவெளி தானாகச் சேரவிட வேண்டும். அதற்குப் பிறகே கேபிளை முறுக்கி ஐந்து முதல் எட்டு கிளிக்குக்குள் பிடிக்கும்படி வைக்க வேண்டும். வரிசை மாறினால், அதாவது தேய்ந்த ஷூவை மறைக்கக் கேபிளை முறுக்கினால், சரிசெய்யும் கம்பி வேலை செய்யாமல் நின்றுவிடும். ஹேண்ட் பிரேக் அழகாகப் பிடிக்கும், கால் பிரேக் நாளுக்கு நாள் ஆழமாகும்.

காலிப்பர்: இதற்கு மட்டும் கிட் போதும்

மாஸ்டருக்கும் வீல் சிலிண்டருக்கும் சொன்னதற்கு நேர்மாறு இங்கே. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் சீல் உட்காருவது உடலின் பள்ளத்தில். வழுக்குவது பிஸ்டனின் மேல்பரப்பில். உடல் உறுதியான வார்ப்பு, எளிதில் கெடாது. சீல், தூசி ரப்பர், காலிப்பர் நகரும் ஊசிகளின் (பின்) ரப்பர் உறை அடங்கிய கிட்டும், பிஸ்டனில் துருப்புள்ளி இருந்தால் புதுப் பிஸ்டனும் போட்டால் காலிப்பர் புதிதாகிவிடும். அந்தச் சதுர சீலுக்கு இரண்டு வேலை: எண்ணெயைத் தடுப்பது, பெடலை விட்டதும் முறுக்கு விலகி பிஸ்டனை ஒரு நூலளவு உள்ளே இழுப்பது. ரப்பர் கெட்டித்துப்போனால் கசியாது, ஆனால் இழுக்காது. பேட் உரசிக்கொண்டே இருக்கும், மைலேஜ் குறையும், சக்கரத்தில் கை வைத்தால் சுடும்.

தேய்ந்த பேடுகளைத் தூக்கிப் போடுமுன் பாருங்கள். உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரும் பின்கள் இறுகியிருக்கின்றன. இதற்குச் செலவு பின்னைக் கழற்றித் துருவைத் துடைத்து, சிலிக்கோன் பிரேக் கிரீஸ் தடவுவது மட்டும்தான். ஒரு பக்கச் சக்கரத்துப் பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்தால் அந்தப் பக்கம் பிஸ்டனோ ஹோஸோ திரும்ப விடவில்லை.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நிப்பிளைத் திறந்து பழைய எண்ணெயை வெளியே விடுங்கள். மூடியபடி தள்ளினால் காலிப்பரின் அடியில் தங்கிய அழுக்கெல்லாம் மாஸ்டருக்கு ஏறும், டப்பாவும் வழியும்.

ஹோஸும் பைப்பும்

ஹோஸ் வெளியே வெடிப்பில்லாமல் இருந்தே உள்ளுக்குள் ஊதி, வழியை அடைத்துவிடும். காலின் அழுத்தம் எண்ணெயைத் தள்ளிவிடும். திரும்பி வர வழியிருக்காது. சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். காலிப்பரா ஹோஸா மாஸ்டரா என்று கண்டுபிடிக்க வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, பெடலை மிதித்து விட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் மாஸ்டரில் பைப் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குறை மேலே: மாஸ்டர் துளை அடைப்பு, தள்ளுகம்பியில் சிறு இடைவெளி (பிளே) இல்லாமை, அல்லது பிரேக் லைட் சுவிட்ச் பெடலைத் தள்ளிப் பிடித்திருப்பது. விடுபடாவிட்டால் நட்டை மூடிவிட்டு சக்கரத்து நிப்பிளைத் திறங்கள். அப்போது விடுபட்டால் ஹோஸ். அதற்கும் அசையாவிட்டால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது. தளர்த்திய இடத்தில் கடைசியில் ஏர் எடுக்க மறக்கக் கூடாது.

பழைய ஹோஸுக்கு வேறு பரிகாரம் கிடையாது, புதுசுதான். இரண்டு முன் ஹோஸும் சேர்த்து. முறுக்கிக்கொள்ளாமல் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு ஓரமும் திருப்பி டயரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புப் பைப்புகள் தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரை ஓர வண்டிகளில் தரைக்கு அடியில் கிளிப் பிடிக்கும் இடங்களில் அரித்திருக்கும். துருவைச் சுரண்டினால் குழி விழுகிற பைப்பை அப்போதே மாற்றுங்கள். வெறும் செம்புக் குழாயை வளைத்துப் போட்டுத் தருகிறேன் என்றால் ஏற்காதீர்கள். அதிர்வில் இறுகி வெடிக்கும். முனை இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். பைப் நட்டைச் சாதாரண ஸ்பேனரில் கழற்றினால் முனை உருண்டுவிடும். பைப் ஸ்பேனர் இல்லாத ஷெட்டில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பேட், டிஸ்க்

கடைசியில் பேட். உரசும் பொருள் 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றுங்கள். மாருதி ஜெனுயின் பெட்டியோ, ரானே, போஷ், பிரேக்ஸ் இந்தியா நிறுவனங்களின் பெட்டியோ, இந்த வண்டிக்கானது எது கிடைத்தாலும் போதும். விளையாட்டுக் கார்களுக்கான பேட் சூடேறினால்தான் பிடிக்கும். வீட்டிலிருந்து மார்க்கெட்வரை போகும் 800-ல் அது சூடேறவே ஏறாது. பெயரில்லாத மலிவுப் பேட் கடினமாக இருந்து டிஸ்க்கைத் தின்னும். மிச்சம் பிடித்த காசு டிஸ்க்கில் போய்விடும்.

மிதிக்கும்போது பெடல் துடித்து, ஸ்டியரிங்கும் ஆடினால் முன் டிஸ்க். ஸ்டியரிங் ஆடாமல் சீட்டும் பெடலும் மட்டும் துடித்தால் பின் டிரம் கோணல். ஆளில்லாத சாலையில் மெதுவாக உருளும்போது பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்துப் பார்த்தால் உறுதியாகும். டிஸ்க் என்றால் கடைவதற்கு முன் அதன் உட்கார் பரப்பில் துருவைச் சுத்தம் செய்து, வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் ஒரே சீராக இறுக்கிப் பாருங்கள். பாதி நேரம் அதோடு சரியாகிவிடும். கடைந்தால் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறதா என்று பார்த்து அதற்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்று. அது சரியென்றால், இழுக்கும் பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, குறை எதிர்ப்பக்கத்தில் என்று தொடங்குங்கள்.

புதுப் பேட் போட்டதும் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகக் குறைப்பதைப் பத்துத் தடவை, நடுவில் ஆறவிட்டுச் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்க வேண்டாம்.

எங்கே வாங்குவது, யாரிடம் கொடுப்பது

சென்னையில் புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் காலிப்பர் உடலோ பின்தகடோ பெடல் தொகுதியோ எடுக்கலாம். ரப்பர் உள்ள எதையும் அங்கே எடுக்காதீர்கள். மாஸ்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், பூஸ்டர் எல்லாம் இதில் அடங்கும். புதுச் சாமானிலும் பெட்டி மட்டும் ஒரிஜினலாக இருப்பதுண்டு. பெட்டியின் பார்ட் நம்பரும் உள்ளே இருக்கும் சாமானின் அச்சும் ஒத்துப்போக வேண்டும், ஜிஎஸ்டி பில் வேண்டும். பில் தரத் தயங்கும் கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள்.

சர்வீஸைப் பொறுத்தவரை, கம்பெனி சர்வீஸ் சென்டரில் அளவுக்கருவிகளும் முறுக்கு ஸ்பேனரும் இருக்கும், ஆனால் பழைய வண்டிக்கு மொத்தத் தொகுதியாக மாற்றச் சொல்வார்கள். காலிப்பர் கிட் போட அங்கே பொறுமை குறைவு. நல்ல தனி மெக்கானிக்கிடம் நேர்மாறு. அவரிடம் கொடுக்குமுன் மூன்றே கேள்வி கேளுங்கள்: பின் டிரம்மைக் கழற்றுவீர்களா, எதில் கழுவுவீர்கள், ஏர் எடுக்கும்போது பெடல் எவ்வளவு மிதிப்பீர்கள். மூன்றாவதுக்குச் சரியான பதில் சொல்பவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம். கழற்றிய பழைய சாமான்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வேலையை ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். புது ஷூ டிரம்மின் வளைவுக்குப் படிய சில நூறு கிலோமீட்டர் ஆகும்; முந்தின நாள் மாட்டிய ஷூவோடு சோதனைக்குப் போனால் ஹேண்ட் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். படிந்த பிறகு கேபிளை ஒரு தடவை சரிபார்த்து, நிப்பிள்களிலும் பைப் நட்டுகளிலும் ஈரம் இல்லை என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.